பள்ளி நூலகமும் ஆய்வு மனப்பான்மையும்

கல்வி என்றவுடன் பள்ளிக்கூடம், பாடநூல், தேர்வு, உத்தியோகம் என்னும் நான்கும் நம் நினைவிற்கு வருகின்றன. ஐந்தாவதாக வரவேண்டிய நூலகம் ஏனோ வருவதில்லை. நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் அதனைக் குறித்துச் சில எண்ணங்களை இளைஞர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நூலகம் பொழுதுபோக்கிற்கான இடம் என்றே பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையில் ஒரு வினாவைக் கேட்கப் பழகும் இடமாகும். 'இஃது எங்கே எழுதப்பட்டுள்ளது?' என்பதே அவ்வினா. பிறர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுமாறு நெடுங்காலம் பணிக்கப்பட்ட ஒரு சமுதாயத்திற்கு இவ்வினா சாதாரணமானதன்று.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) 1907ஆம் ஆண்டு சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓலைச்சுவடிகளையும் நிகண்டுகளையும் பழைய இலக்கியங்களையும் எடுத்துக்காட்டி, தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று அவ்விதழில் எழுதினார். தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் சுவடியை எல்லீசர் கையில் சேரச் செய்தார் என்பதும் அவர் பதிவு செய்த செய்தியாகும். பண்டிதரின் முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் சான்று காட்டிப் பேசவேண்டும் என்ற அவரது நெறி நமக்குப் பெருஞ்செல்வமே.

அவரது எழுத்துகள் நம் கைக்கு வந்த விதமும் ஒரு பாடமாகும். அவ்விதழ்களைச் சிலர் பேணி வைத்திருந்தமையால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999ஆம் ஆண்டு பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. பேணுவார் இல்லாதிருந்தால் பண்டிதரின் பெயர் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றபின் அரும்பாடுபட்டு நூல்களைச் சேர்த்தார். 1917இல் தாயகம் திரும்பியபோது தனியே கப்பலில் அனுப்பிய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. அவர் சோர்ந்துவிடவில்லை. பின்னாளில் பம்பாய் தாதரில் கட்டிய 'இராஜகிருகம்' இல்லத்தில் பெரும் நூலகத்தையே அமைத்தார். அரசியல் நிர்ணய சபையில் அவர் பேச்சுக்கு இருந்த வலிமையின் வேர் அந்நூல்களில் இருந்தது.

நூலகக் கலைக்கு உலகப் புகழ் தேடித்தந்தவரும் நம் தமிழ்நாட்டவரே. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பூட்டி வைக்கும் பொருளன்று, பயன்கொள்ளும் பொருள் என்ற கருத்தை உடையது. அவரது முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே.

சட்டம் வந்தது, ஆனால் பள்ளி அலமாரியின் பூட்டு எளிதில் திறக்கவில்லை. நாம் மாணவராய்ப் பயின்ற பள்ளியில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. நூல்களின் முதுகை மட்டும் கண்டோம். தொலைந்தால் பொறுப்பேற்க வேண்டுமே என்ற அச்சத்தில் ஆசிரியர் அதனைத் திறந்ததில்லை. தலைமையாசிரியர் ஆனபின் அந்த அச்சம் எத்தகையது என்பதை நாமும் உணர்ந்தோம். எனினும் திறந்து வைத்த அலமாரியில் சில நூல்கள் தொலையலாம். பூட்டிய அலமாரியிலோ ஒரு தலைமுறையே தொலைந்துபோகும் என்பது நம் துணிபு.

நூலகத்தில் மாணவர் கற்கவேண்டிய ஆய்வுப் பழக்கங்கள் நான்கு. முதலாவது, வினாவைத் தெளிவாக வகுத்துக்கொள்ளல். இரண்டாவது, நூற்பட்டியல், பொருளடக்கம், சொல்லடைவு ஆகியவற்றின் துணையால் விடை தேடுதல். மூன்றாவது, நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றுடன் குறிப்பெடுத்தல். நான்காவது, இருவேறு நூல்களை ஒப்பிட்டு, எழுதியவர் யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்று ஆராய்தல்.

நம் பகுதியிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. விழுப்புரமும் திண்டிவனமும் 1993ஆம் ஆண்டு வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டம் பற்றிக் கார்ஸ்டின் என்ற அதிகாரி 1878இலும், பிரான்சிஸ் என்பவர் 1906இலும் நூல்கள் எழுதினர். இருவரும் ஆட்சியாளரின் கண்கொண்டு பார்த்தவர்கள். அவற்றில் நம் சேரிகளைப் பற்றி என்ன உள்ளது, என்ன விடுபட்டுள்ளது என்று ஒரு மாணவன் தேடிப் பார்ப்பானாயின், அவனுக்கு அதுவே முதல் ஆராய்ச்சியாகும்.

இப்பழக்கம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. திண்டிவனத்திற்கு வடக்கே அடுத்துள்ள செங்கற்பட்டு மாவட்டத்தில் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர், அங்குள்ள பறையர் நிலை குறித்து 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். உழுபவர்க்கு நிலம் கிடைக்கவொட்டாமல் மிராசுதாரர் தடுத்தமையையும், குடியிருக்கும் மனையும் அவர்க்குச் சொந்தமில்லாமையையும் அதில் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் ஒப்படை நிலங்களின் தொடக்கம் இதுவே. முதல் பத்தாண்டுகள் எவருக்கும் கைமாற்றலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது அந்நிலங்களுக்குரிய நிபந்தனை.

அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது நாமறிந்ததே. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டை அடுத்த காரணை நிலத்திற்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிர்நீத்தனர். அவர்கள் கேட்டது பிச்சையன்று; ஏட்டில் எழுதப்பட்டிருந்த உரிமை.

பஞ்சமி நிலம் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்று மேடைகளில் முழங்கக் கேட்கின்றோம். அந்தத் தொகை எந்த ஆவணத்தில் உள்ளது என்று கேட்பவர் சிலரே. கைதட்டலால் ஒரு சென்ட் நிலமும் மீளாது. ஊரின் பெயர், புல எண், பழைய செட்டில்மெண்ட் 'அ' பதிவேட்டின் குறிப்பு, 1980களில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபின் அதே எண்ணுக்கு நேர் உள்ள பெயர் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டினால்தான் வட்டாட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நம் சொல் எடுபடும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்த அலுவலகம் என்று கேட்கத் தெரிந்தவர்க்கே முழுப்பயன் தரும். மேலே கூறிய நான்கு பழக்கங்களுமே இங்கும் வேண்டப்படுகின்றன. எட்டாம் வகுப்பில் சொல்லடைவு பார்க்கக் கற்றவன் பிற்காலத்தில் பதிவேட்டைக் கண்டு மருளமாட்டான்.

இன்று கைப்பேசியில் நொடியில் செய்தி வருகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். இவை நல்வாய்ப்புகளே. எனினும் செய்தி மலிந்த காலத்தில்தான் சான்று கேட்கும் பழக்கம் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

ஆகவே நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். நம் பிள்ளைகள் பயிலும் ஒவ்வொரு பள்ளியிலும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் அலமாரி திறந்திருக்குமாறு பெற்றோர் கேட்டுப் பெறுக. சங்க உறுப்பினர் வீடுகளிலுள்ள பழைய பட்டாக்கள், மனுக்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றுக்குப் படி எடுத்துச் சங்கத்தில் பாதுகாத்து வைப்போம். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞர், முதியோரிடம் கேட்டும் ஆவணங்களோடு ஒப்பிட்டும் தம் ஊர்ச் சேரியின் வரலாற்றை எழுதட்டும்.

இளைஞர்களே! நம் சரித்திரத்தைப் பிறர் எழுத நாம் கேட்டுக்கொண்டிருந்த காலம் போதும். சங்கத்தின் பொன்விழா மலர் வெளிவரும்போது, உங்கள் ஊரின் வரலாறு சான்றுகளோடு அதில் இடம்பெற வேண்டும். அதனைப் படித்துப் பார்க்கும் பேறு எமக்குக் கிட்டுமாயின், இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியின் பயனைப் பெற்றவராவோம்.