முட்டுக்கட்டையும் ஹெலிகாப்டரும்

வைகாசி விசாகத்தில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஏராளம். ஆனால் வீதி முனையில் தேரைத் திருப்புவது அவர்கள் பலம் மட்டுமல்ல. சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கும் சிலருடைய கண்ணும் கையும்தான். தேர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, அந்தக் கணத்திலேயே கட்டையைக் கொடுப்பார்கள். பேச்சில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று ஆகிவிட்டது. தேருக்கு அதுதான் வழிகாட்டி.

பலர் சேர்ந்து ஒரு பாரத்தைக் கொண்டுபோவதில் பலத்தைவிடப் பெரிய சிக்கல் இந்தத் திருத்தம்தான். ஆகாயத்திலும் அப்படித்தான்.

2013 வெள்ளத்துக்குப் பிறகு, கேதார்நாத்துக்கு மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுசேர்க்க விமானப்படையின் எம்.ஐ.-26 ஹெலிகாப்டர் வரவேண்டியிருந்தது. 20 டன் தூக்கும் அத்தகைய ராட்சதங்கள் உலகிலேயே குறைவு. அப்படியானால் சிறிய ஹெலிகாப்டர்கள் இரண்டைச் சேர்த்துத் தூக்கினால் என்ன? யோசனை பழையது. 1970-இல் அமெரிக்காவின் சிக்கோர்ஸ்கி நிறுவனம் இரண்டு சி.எச்.-54 ஹெலிகாப்டர்களை இணைத்துச் சுமார் 20 டன் தூக்கிக் காட்டியது. ஆயினும் அது வழக்கத்துக்கு வரவில்லை.

காரணம் எளிது. இரண்டு கயிறுகளும் ஒரே பளுவில் முடிந்தால், பளு இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கும். விசிறிகள் மோதாமலிருக்க இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்தே பறக்கவேண்டும். தூக்கும் சக்தியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். நடுவே குறுக்குத் தண்டு கொடுத்தால் இந்த இழுப்பு குறையும், ஆட்டம் போகாது. 20 மீட்டர் கயிற்றில் தொங்கும் பளு ஒருமுறை ஆடித் திரும்ப ஏறக்குறைய 9 வினாடி ஆகும். விமானி நேரம் தவறித் திருத்தினால், ஊஞ்சலை உந்திவிட்டது போல ஆட்டம் கூடும். போதாததற்கு, ஒருவர் செய்யும் திருத்தம் பளு வழியாக மற்றவரையும் இழுக்கும்.

இணைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 1986 ஜூலை 1 காட்டியது. பியாசெக்கி நிறுவனம் ஒரு பெரிய வாயுப் பையின் கீழ்ச் சட்டத்தில் நான்கு பழைய ஹெலிகாப்டர்களைப் பொருத்திப் பாரந்தூக்கி ஒன்றைச் செய்திருந்தது. அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில், 1937-இல் ஹிண்டன்பர்க் எரிந்த அதே இடத்தில், தரையில் சக்கரங்களில் தொடங்கிய நடுக்கம் சட்டம் முழுவதும் பரவி, ஹெலிகாப்டர்கள் பிய்த்துக்கொண்டு போயின. விமானி ஒருவர் இறந்தார். அங்கே குறைந்தது பலம் அல்ல, நடுக்கத்தை உடனே அடக்கும் கை.

அந்தக் கையை இயந்திரத்துக்குக் கொடுப்பதுதான் பின்னூட்டக் கட்டுப்பாடு. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கே ஃபார்க்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் நினைவு வரும். கப்பல் சுக்கானைத் திருப்பும் நீராவி இயந்திரத்தை, மாலுமியின் கை எவ்வளவு திருப்பியதோ அவ்வளவே திரும்பி நிற்கும்படி அவர் அமைத்தார். அதைப் பற்றி 1873-இல் எழுதிய நூலில் அதற்கு ‘அடிமையாக்கப்பட்ட இயந்திரம்’ என்று பெயரிட்டார். ‘செர்வோ’ என்று இன்று உலகம் சொல்வது அவர் கொடுத்த சொல்லிலிருந்து வந்தது. தான் செய்த வேலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் அடிமை அது.

2007-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஆளில்லாத மூன்று சிறிய ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஒரே பளுவைச் சுமக்கவைத்தார்கள். பளு சில கிலோதான். ஆனால் கயிற்றின் இழுவிசையை அளக்கும் கருவி இருந்தது. பளு இழுப்பதை உடனே உணர்ந்து கணினி திருத்தியது. விமானியால் செய்ய முடியாமலிருந்தது அதுவே.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. பின்னாலிருந்து தள்ள புல்டோசர்களும் வருகின்றன. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் இன்னும் சக்கரத்தருகே நடக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சிலரையும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.