அரியலூர் 1956: ராஜினாமாவைத் தாண்டி நினைவுகூர்வோம்

1956 என்றதும் நமக்கு இரண்டு தேதிகள் நினைவுக்கு வரும். அக்டோபர் 14, நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற நாள். டிசம்பர் 6, அவர் நம்மை விட்டுப் பிரிந்த நாள். இந்த இரண்டுக்கும் நடுவில், அண்ணல் மறைவதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு ரயில் ஆற்றுக்குள் விழுந்தது. 142 பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 150-ஐத் தாண்டும் கணக்குகளும் உண்டு.

இந்த விபத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு செய்தி தெரியும். பள்ளிக்கூடத்திலோ போட்டித் தேர்வு வகுப்பிலோ கேட்டிருப்பீர்கள்: அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கேள்வியும் பதிலும் அதோடு முடிந்துவிடும். இறந்தவர்கள் யார், எந்தப் பெட்டியில் இருந்தார்கள், அந்தப் பாலத்தைக் காவல் காக்கும் வேலை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. மார்க்கும் கிடையாது.

நடந்ததை முதலில் பார்ப்போம். சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் எக்ஸ்பிரஸ் முந்தைய நாள் இரவு கிளம்பியது. அப்போது அது மீட்டர் கேஜ் பாதை, நீராவி எஞ்சின். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன். டெல்டாவுக்கு மேற்கே இருக்கும் வறண்ட பூமி அது. அரியலூர் அன்றைக்குத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர்.

அரியலூரைத் தாண்டிக் கல்லகம் போகும் வழியில் மருதையாற்றின் மேல் ரயில் பாலம். மருதையாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் தண்ணீர் வரும். வந்தால் ஒரேயடியாக வரும். அந்த வாரம் விடாத மழை. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. இருட்டு இன்னும் விலகாத நேரத்தில் ரயில் பாலத்தில் ஏறியது. எஞ்சினும் அதற்கு அடுத்திருந்த பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. பின்னால் இருந்த பெட்டிகள் தப்பின.

இது திடீரென்று வானத்திலிருந்து வந்த முதல் இடி அல்ல. 1954 செப்டம்பரில் அன்றைய ஹைதராபாத் மாநிலத்தில் வெள்ளத்தில் பாலம் உடைந்து ஒரு ரயில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1956 செப்டம்பர் தொடக்கத்தில் அதே பகுதியில், மகபூப்நகர் அருகே, மறுபடியும் மழை, மறுபடியும் பாலம், மறுபடியும் நூறு பேருக்கு மேல் சாவு. அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியலூர். இந்த முறை ராஜினாமா ஏற்கப்பட்டது. விபத்துக்குச் சாஸ்திரி நேரடிக் காரணம் என்பதால் ஏற்கவில்லை, அரசியல் சாசன மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக ஏற்கிறேன் என்ற பொருளில்தான் நேரு பேசினார்.

சாஸ்திரி செய்தது நேர்மையான காரியம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேர்மை, விபத்தின் முழு நினைவையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. பதவி விலகியவர் 1957 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் மத்திய அமைச்சரானார். 1964இல் பிரதமரானார். ரயிலோடு ஆற்றில் போனவர்கள் ஒரு எண்ணாகவே நின்றுவிட்டார்கள், அந்த எண்ணும் ஆளுக்கு ஒன்றாக.

தமிழ்நாட்டு அரசியலும் அவர்களை வேறு விதமாகப் பயன்படுத்தியது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். 1957இல்தான் திமுக முதன்முறையாகத் தேர்தலில் நின்றது. அரியலூரையும் அழகேசனையும் சேர்த்து, ‘ஆண்டது’க்கு ‘மாண்டது’ என்று எதுகை வைத்து ஒரு முழக்கம் ஊர் ஊராக எழுதப்பட்டது. இன்றைக்கும் பழைய கட்சிக்காரர்கள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லுவார்கள். ஆளுங்கட்சியைக் கேள்வி கேட்டது சரி. ஆனால் டெல்லிக்கு ஒரு தியாகக் கதையும் சென்னைக்கு ஒரு எதுகையும் மிஞ்சியது. இரண்டிலும் செத்தவர் முகம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு எளிய காரணம் டிக்கெட்டிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து ரயில் டிக்கெட் ஒரு சிறிய கெட்டி அட்டை. அதில் எண் இருக்கும், எங்கிருந்து எங்கே என்று இருக்கும், பெயர் இருக்காது. மூன்றாம் வகுப்பில் ஏறும் கூலித் தொழிலாளியை, நடவு முடித்துத் திரும்பும் பெண்ணை, பட்டணத்தில் வேலை தேடிவிட்டு வெறுங்கையோடு ஊருக்குப் போகும் இளைஞனை ரயில்வேக்குப் பெயரால் தெரியாது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் போனது. பெட்டி போகவில்லை. இன்று அதன் பெயர் அன்ரிசர்வ்டு. பெரும்பாலான ரயில்களில் எஞ்சினை ஒட்டியும் கடைசியிலும் அதுதான் மாட்டப்பட்டிருக்கும். நேருக்கு நேர் மோதினாலும் முதலில் நொறுங்குவது அது. பின்னால் வந்து இடித்தாலும் அது.

இதைப் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஜூன் 2 ஒடிசா பாலசோர் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குப் பட்டியல் இருந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் இருந்தவர்களுக்கு இல்லை. வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலிருந்து தெற்கே வேலைக்கு வருகிறவர்கள் போய்வரும் வழித்தடம் அது. குடும்பங்கள் கையில் போட்டோவை வைத்துக்கொண்டு பிணவறை பிணவறையாக அலைந்தன. நான்கு மாதம் கழித்து, யாரும் உரிமை கோராத 28 உடல்களைப் புவனேஸ்வரத்தில் மாநகராட்சி எரித்தது. அட்டை டிக்கெட் போய் ஆதார் வந்த பிறகும் இதுதான் நிலை.

செத்தவர்களின் சாதியை ஒவ்வொருவராகத் தேடுவது என் நோக்கம் அல்ல. யார் எந்தப் பெட்டியில் உட்கார வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் சமூகம் விபத்துக்கு வெகுகாலம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. நாம் பார்க்க வேண்டியது அதை.

இனி தண்டவாளத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் ரயில் பாதையைக் காப்பது கேங்மேன். ஒருவர் கையில் விளக்கு, சிவப்புக் கொடி, தண்டவாளத்தில் கட்டிவைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர். இவற்றோடு கொட்டும் மழையில், பாம்பும் சேறும் உள்ள இருட்டில், தன் எல்லைக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மண் அரித்திருக்கிறதா, பாலத்தில் தண்ணீர் ஆபத்துக் குறியைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். தொட்டிருந்தால் ஓடிப்போய் ரயிலை நிறுத்த வேண்டும். எழுநூறு, எண்ணூறு பேர் பெட்டியில் தூங்கிக்கொண்டு போக முடிகிறது என்றால், அது இப்படி ஒருவர் தூங்காமல் நடப்பதால்.

இந்த வேலையில் யார் இருந்தார்கள்? இதற்கு அண்ணலே பதில் சொல்லியிருக்கிறார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை வகித்து அவர் ஆற்றிய உரையைப் பலர் ஒரு வரிக்காக மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்: தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் என்பது அது. அதே உரையில் ரயில்வேயைப் பற்றித் துல்லியமான ஒரு பகுதி இருக்கிறது. தீண்டப்படாத தொழிலாளி ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே முடிகிறான், மேலே போக வழியில்லை என்கிறார். போர்ட்டர் வேலைகூட அவனுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்கிறவர். ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து. தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட மாட்டார்.

இதை ஊன்றிக் கவனியுங்கள் தோழர்களே. வீட்டுக்குள் விடத் தகாதவர் என்று ஒதுக்கிய அதே ஆளின் கையில்தான், நடுராத்திரியில் ரயிலில் போகும் எல்லாச் சாதிக்காரரின் உயிரும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மரியாதை, கூலி, பதவி உயர்வு மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. ஜி.ஐ.பி. பம்பாய்ப் பக்கத்து ரயில்வேதான். ஆனால் கேங்மேன் வேலை எந்த ரயில்வேயிலும் கடைசிப் படிதான். இன்று பெயர் ட்ராக் மெயின்டெய்னர் என்று மாறியிருக்கிறது. அனில் காகோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்புக் குழு 2012இல் கொடுத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை வேலையில் இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர் என்கிறது. அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்த பயணிகளின் எண்ணிக்கையைவிட இது அதிகம். பயணி இறந்தால் தலைப்புச் செய்தி. தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

குழுக்களுக்குக் குறைவே இல்லை. குன்ஸ்ரு, வாஞ்சூ, சிக்ரி, கன்னா, காகோட்கர் என்று அரை நூற்றாண்டாகக் குழு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனாலும் 2005 அக்டோபர் 29 அதிகாலையில் ஆந்திரத்தின் வலிகொண்டா அருகே டெல்டா பாசஞ்சர் வெள்ளத்தில் அரிக்கப்பட்ட பாதையில் ஏறி விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அரியலூருக்கு 49 ஆண்டு கழித்து அதே மழை, அதே இருட்டு, அதே மாதிரி சாவு.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், “சாஸ்திரி மாதிரி ராஜினாமா செய்” என்ற குரல் எழும். எழட்டும், அமைச்சர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் நம் கோரிக்கை அதோடு நின்றுவிடக் கூடாது. பாலசோருக்குப் பிறகு அமைச்சர் விலகவில்லை. சிபிஐ கைது செய்தது இரண்டு சிக்னல் பொறியாளர்களையும் ஒரு டெக்னீசியனையும். மேலே ஒருவர் விலகினால் கதை தியாகமாக முடிகிறது. விலகாவிட்டால் கீழே இருப்பவர் கைதோடு முடிகிறது. காலியாகக் கிடக்கும் பாதுகாப்புப் பணியிடங்கள், ஒப்பந்தக் கூலி, பழைய பாலம், முன்பதிவில்லாப் பெட்டிகளின் பற்றாக்குறை ஆகியவை இரண்டு கதையிலும் வருவதில்லை. இவற்றைக் கேட்பதுதான் நம் வேலை.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அரியலூர், பெரம்பலூர், லால்குடிப் பக்கம் இருப்பவர்கள் இதைச் செய்யலாம். 1956இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியவர்கள். அந்த விடியலில் ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் யார், உடல்களைத் தூக்கியவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள், புதைத்தது எங்கே என்று அவர்களிடம் கேளுங்கள். ஊரில் பிணம் தூக்கும் வேலையும் குழி வெட்டும் வேலையும் யார் தலையில் விழும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படித் தூக்கியவர்களின் பெயரையும் எழுதுங்கள். சேரியிலும் கேங்மேன் குடியிருப்பிலும் கேளுங்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரரின் பிள்ளைகளிடம் அப்பா சொன்ன கதை இருக்கும். அந்த வாரத்துச் சுதேசமித்திரன், தினமணி இதழ்களை நூலகங்களில் தேடுங்கள். ஊர்ப் பெயர் கிடைக்கும், சில இடங்களில் ஆள் பெயரும் கிடைக்கலாம். செல்போனில் பதிவு செய்தால் போதும், பெரிய கருவி வேண்டாம். ஆனால் பேசுகிறவரின் சம்மதத்தோடு செய்யுங்கள், அழுதால் நிறுத்துங்கள்.

நவம்பர் 23க்கு முன்பு பத்துப் பெயர் சேர்ந்தால்கூட, அந்தப் பத்துப் பெயரையும் அரியலூரில் ஒரு சின்னக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்போம். அந்தக் கூட்டத்துக்கு இப்போது பாதையில் வேலை செய்யும் ட்ராக்மேன் ஒருவரையும் அழைத்து, அவரைத் தலைமை தாங்கச் சொல்வோம்.

ஜெய் பீம்.