கரன்தீனாவிலிருந்து தடுப்பூசிச் சான்று வரை

திண்டுக்கல் நகரின் பேகம்பூரிலிருந்தும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இன்று தம் கடவுச்சீட்டோடு ஒரு தடுப்பூசிச் சான்றையும் எடுத்துச் செல்கின்றனர். மூளைக்காய்ச்சலுக்கு எதிரான ஊசியைப் போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சியான தாள் அது. பலர் அதை அலுவலகச் சம்பிரதாயங்களுள் ஒன்றாகவே கருதுகின்றனர். அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் புறப்படுபவனுக்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. அந்தத் தாளுக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நமக்கு வெளியிலிருந்து திணிக்கப்பட்டது. மற்றொரு பகுதி நம்முடைய அறிவு மரபிலேயே பிறந்தது. முன்னதை நினைத்து மனம் கசந்த சமுதாயம் பின்னதை மறந்துவிட்டது.

பின்னதிலிருந்தே தொடங்குவோம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், பஅலபக் நகரைச் சேர்ந்த குஸ்தா இப்னு லூகா என்ற கிறிஸ்தவ மருத்துவர், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்பாசிய அரசு உயர் அலுவலர் ஒருவருக்காக அரபு மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். பயணத்திற்கு முன்னர் மருத்துவ ஆலோசனை பெறுதல் என்று இன்று நாம் சொல்வதன் முழு வடிவத்தை அதில் காணலாம். பதினான்கு இயல்கள் கொண்ட அந்நூல் பயணத்தில் உண்பது, உறங்குவது, ஓய்வெடுப்பது எவ்வாறு என்பதில் தொடங்குகிறது. களைப்பு நீங்க உடலைப் பிடித்துவிடும் முறை, புழுதியால் வரும் கண்நோய், காதுவலி, நீரின் தரத்தை அறியும் வழி, கெட்ட நீரைச் சீராக்கும் வழி, நீர் கிடைக்காதபோது தாகத்தைத் தணிக்கும் உபாயம், நச்சுயிர்களின் கடி என விரிந்து செல்கிறது. அரபு மருத்துவர்கள் 'அல்இர்குல் மதனீ', அதாவது மதீனா நரம்பு என்று பெயரிட்ட நோய்க்கும் அதில் இடமுண்டு. அது வேறொன்றுமன்று, படிக்கிணற்று நீரைக் குடித்த நம் முன்னோர் நன்கறிந்திருந்த நரம்புச் சிலந்திதான். இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக 2000ஆம் ஆண்டில்தான் சான்றளிக்கப்பட்டது.

இந்நூலில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுதியவர் முஸ்லிம் அல்லர், கேட்டவர் முஸ்லிம். ஹஜ் என்னும் இபாதத்துக்கான உடல்நல ஆலோசனையைத் திறமையான மாற்றுமத மருத்துவரிடம் பெறுவதில் அக்காலத்தார் எவ்விதத் தயக்கமும் கொள்ளவில்லை.

தவக்குல் குறித்த ஐயத்திற்கு விடை அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஹிஜ்ரி 18இல் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்ற இடத்தில் அபூஉபைதா (ரலி) முதலிய தளபதிகள் எதிர்கொண்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தனர். கலீஃபா முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே கலந்தாலோசித்துவிட்டுத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூஉபைதா (ரலி) வினவியதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி கூறினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையலாகாது, அங்கிருப்பவர் அதிலிருந்து தப்பியோடவும் கூடாது என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்தது அதற்குப் பிறகுதான். புகாரியிலும் முஸ்லிமிலும் ஓதிக்கொடுக்கப்படும் நிகழ்ச்சி இது. ஆனால் மதரசாவில் இதைப் பாடமாக ஓதும்போது, பயண விதி ஒன்று இதனுள் அடங்கியிருப்பதை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்றே தோன்றுகிறது.

இனி, வெளியிலிருந்து வந்த பகுதியைப் பார்ப்போம். ஒட்டகக் காரவான்களும் பாய்மரக் கப்பல்களும் மட்டுமே இருந்த காலத்தில் வழியே ஒரு தடையாக இருந்தது; நோயுற்றவர் வழியிலேயே குணமடைந்தனர் அல்லது இறந்தனர். நீராவிக் கப்பலும் இருப்புப்பாதையும் அந்தக் கால இடைவெளியைச் சுருக்கின. 1871இல் சென்னை - பம்பாய் இருப்புப்பாதை இணைந்தது. 1875இல் திருச்சி - மதுரைப் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலத்தால் பெயர் பெற்ற பேகம்பூரின் தோல் வணிகருக்கும், சுற்றுவட்டார விவசாயிக்கும் பம்பாய் சில நாள் தொலைவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். நோய்க்கும் அதே வழி திறந்தது.

வாந்திபேதி 1831இலேயே மக்காவைத் தாக்கியிருந்தது. எனினும் உலகைக் கலங்கடித்தது 1865ஆம் ஆண்டு ஹஜ்தான். அவ்வாண்டு கூடிய சுமார் 90,000 பேரில் 15,000 பேர் இறந்ததாக அக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. திரும்பிய கப்பல்களோடு நோய் சூயஸ், அலெக்சாண்டிரியா, மார்செய் என நகர்ந்து ஐரோப்பாவெங்கும் பரவி, அட்லாண்டிக் கடலையும் கடந்தது. மறு ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. வாந்திபேதியின் பிறப்பிடம் இந்தியா, அதன் வாகனம் ஹாஜி என்ற முடிவுக்கு அது வந்தது. தன் வணிகக் கப்பல்கள் தடைபடுமே என்று அஞ்சிய பிரிட்டன் அக்கருத்தை நீண்ட காலம் எதிர்த்து நின்றது. இரு தரப்பாரின் வாதத்திலும் ஹாஜியின் உயிர் முதன்மை பெறவில்லை என்பதே என் கணிப்பு. ஒருவருக்கு ஐரோப்பாவைக் காக்க வேண்டும். மற்றவருக்கு வாணிபத்தைக் காக்க வேண்டும்.

விளைவாக எழுந்ததே கமரான். செங்கடலில் ஏமன் கரையோரம் உள்ள அச்சிறு தீவில் உதுமானிய அரசு 1882இல் குவாரண்டைன் நிலையம் அமைத்தது. தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் யாவும் அங்கே நிற்க வேண்டும். ஹாஜிகள் கரையிறக்கப்பட்டு, பத்து நாள்களோ அதற்கும் மேலோ வைக்கப்பட்டனர். அவர்களுடைய துணிமணிகள் நீராவிப் பொறியில் இடப்பட்டன. அதற்குரிய கட்டணத்தையும் அவர்களே செலுத்தினர். அரபுகள் இந்நிலையங்களைக் 'கரன்தீனா' என்றனர். ஜித்தாவின் தென்பகுதியில் ஒரு பகுதிக்கு இன்றும் அதுவே பெயர். அல்லாஹ்வின் விருந்தாளிகளாகப் புறப்பட்டவர்கள் தம்மைக் கைதிகளாக உணர்ந்த இடம் அது. வெயில், குடிநீர்த் தட்டுப்பாடு, புரியாத மொழியில் இடப்பட்ட கட்டளைகள் ஆகியவை பற்றிய முறையீடுகள் ஆண்டுதோறும் எழுந்தன. நம் பாட்டனார் தலைமுறையினர் ஊசிக்கும் கொட்டகைக்கும் அஞ்சியதற்கு அறியாமை மட்டும் காரணமன்று.

இக்காலத்து மனிதர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் என்ற இந்திய முஸ்லிம் மருத்துவர் 1878இல் ஹாஜிகளோடு அனுப்பப்பட்டு, கப்பலிலும் ஹிஜாஸிலும் அவர்கள் படும் துன்பங்களை அறிக்கைகளாக எழுதினார். 1882 முதல் ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராகவும் பணியாற்றினார். அரசாங்கத்திற்கு அவர் கண்ணும் காதுமாக இருந்தார் என்பது உண்மை. ஏழை ஹாஜிகளுக்கு மருத்துவராக இருந்தார் என்பதும் உண்மையே. 1895இல் ஜித்தாவுக்கு வெளியே பதூவீன்கள் நடத்திய தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். சுகாதாரக் கெடுபிடிகளால் விளைந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. சிகிச்சையும் அதிகாரமும் ஒரே சட்டையை அணிந்து வந்தால் மக்கள் இரண்டையும் பிரித்தறிய மாட்டார்கள்.

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் தடை செய்யப்பட்டது. அதே 1897 ஜனவரியில் ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானி, தாம் பம்பாயில் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மக்களின் அச்சத்தைப் போக்க ஆகா கான் பொதுமக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், கிருமி கலந்த ஒரு குப்பியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். ஹாஃப்கின் மீது சுமத்தப்பட்ட பழி நீங்கப் பல ஆண்டுகளாயின. அம்மை குத்துவோரைக் கண்டு ஓடிய தாய்மார்களை நாம் ஏளனம் செய்யும் முன் இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரன்தீனாவால் விளைந்த எதிர்பாராத கல்வியும் உண்டு. 1905இல் சினாயின் தூர் நிலையத்தில், ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்களின் உடலில் வாந்திபேதிக் கிருமியின் ஒரு வகை கண்டறியப்பட்டது. அவர்களிடம் வாந்திபேதியின் அறிகுறி இல்லை. அந்த இடத்தின் பெயராலேயே 'எல் தோர்' என்று அழைக்கப்படும் அக்கிருமியே 1961இல் தொடங்கிய உலகளாவிய வாந்திபேதிக்குக் காரணமாயிற்று. நலமாகத் தோன்றுபவரும் நோயைச் சுமக்கலாம் என்ற பேருண்மை ஹாஜிகளின் உடல்வழியே உறுதிப்பட்டது.

அடைத்து வைப்பதைவிட முன்கூட்டியே ஊசி போடுவது மேல் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. பெரியம்மைக்கும் வாந்திபேதிக்குமான தடுப்பூசிகள் ஹஜ்ஜின் நிபந்தனைகளாயின. சென்னைக் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து மாகாணத்துக்கு வழங்கியது. ஆப்பிரிக்கா செல்வோருக்கான மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றும் அங்கே போடப்படுகிறது. ஹாஜிகள் மட்டுமே இச்சோதனைக்கு ஆளாகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் பகுதிக் கூலித் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டே படகேறினர். அவர்களுக்கு முறையிடவும் ஆளில்லை.

1951இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பன்னாட்டு விதிகளில்கூட ஹாஜிகளுக்கெனத் தனி இணைப்பு ஒன்று இருந்தது. 1956இல் சவூதி அரசு ஜித்தாவில் நவீன நிலையத்தைத் திறந்தது. அவ்வாண்டே அந்தத் தனி விதிகளை நீக்க முடிவாயிற்று. ஹாஜியும் மற்றப் பயணிகளைப் போன்றவரே என்று உலகம் ஏற்றுக்கொள்ளத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

அதன்பின் வந்த விதிகள் வேறு தன்மையுடையவை. அவற்றை வகுத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர், ஹரமைனின் பொறுப்பாளர்களே. 1987 ஹஜ்ஜில் 'ஏ' வகை மூளைக்காய்ச்சல் பரவியதும் அதற்கான ஊசி கட்டாயமாயிற்று. 2000, 2001ஆம் ஆண்டுகளில் 'டபிள்யூ 135' என்ற வேறு வகை தோன்றி, ஊர் திரும்பிய ஹாஜிகளின் வீட்டாரையும் தொற்றியது. ஊசி போட்டுக்கொண்ட ஹாஜி தாம் நலமாக இருந்துகொண்டே தொண்டையில் கிருமியைச் சுமந்து வந்து, தழுவி வரவேற்ற உறவினருக்குக் கொடுத்துவிட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. 2002 முதல் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. சவூதியை அடைவதற்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது வெறும் அலுவலக விதியன்று. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. புறப்படும் வாரத்தில் ஊசி தேடி அலைபவர் சான்றைப் பெறலாம், பாதுகாப்பைப் பெறுவதில்லை. கொரோனாவின்போது 2020இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே ஹஜ் செய்ததையும், 2021இல் தடுப்பூசி பெற்ற 60,000 உள்நாட்டவருக்கே அனுமதி தரப்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள்.

உம்ராச் செல்வோரே இப்போது கவலை தருகின்றனர். அவர்களுக்கும் இந்த ஊசி விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதை நினைவூட்டுவோர் குறைவு. 2024இல் உம்ராவோடு தொடர்புடைய 12 மூளைக்காய்ச்சல் நோயாளிகள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு நாடுகளில் கண்டறியப்பட்டனர். ஊசி விவரம் தெரிந்தவர்களுள் பெரும்பாலோர் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள். ரமளானில் உம்ராவுக்குப் புறப்படுவோர் நோன்பு முறியுமோ என்று தயங்க வேண்டியதில்லை; உணவாக அமையாத ஊசியால் நோன்பு முறியாது என்பதே சமகால அறிஞர்களுள் பெரும்பான்மையோரின் கருத்து. போலியோ சொட்டு மருந்து வாய்வழி செல்வதால் அதை நோன்பு திறந்தபின் பெறலாம்.

தடுப்பூசி இல்லாத ஆபத்தும் உண்டு. 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள். முதியோரும் நாட்பட்ட நோயாளிகளும் அவர்களிடையே இருந்தனர். ஹஜ் பயிற்சி வகுப்புகளில் தவாஃபும் ஸஃயும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன, அது வேண்டியதே. சர்க்கரை நோயாளி இன்சுலினை அரஃபாவின் வெயிலில் எவ்வாறு பாதுகாப்பது, இதய நோயாளி கல்லெறிய எந்நேரம் செல்வது என்பன போன்றவற்றை மருத்துவர் ஒருவர் பேசுவதற்கு உணவு இடைவேளைக்கு முந்திய சில நிமிடங்களே எஞ்சுகின்றன. குஸ்தா பதினான்கு இயல்களில் எழுதிய பொருள் இது.

பிக்ஹு நூல்களோ உடல்நலத்தை ஹஜ்ஜின் நுழைவாயிலிலேயே வைத்துள்ளன. திண்டுக்கல் பகுதியில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், உடல் ஆரோக்கியம் ஹஜ் கடமையாவதற்கே நிபந்தனை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் அதை நேரில் நிறைவேற்றுவதற்கான நிபந்தனை என்கின்றனர். ஆகவே செல்வமிருந்தும் உடல் இடந்தராதவர், அவ்விருவரின் கருத்துப்படி, தம் சார்பில் வேறொருவரை அனுப்பக் கடமைப்பட்டவர். கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபிலும் 'மஃளூப்' எனப்படும் இயலாதவர் பிறர் மூலம் ஹஜ்ஜை நிறைவேற்றுகிறார். இங்கே ஒரு நுட்பமான விதி உண்டு. பதல் ஹஜ் செல்லுபடியாக, அந்த இயலாமை குணமடையும் நம்பிக்கையற்றதாக இருக்க வேண்டும். குணமாகக்கூடிய நோயை வைத்துக்கொண்டு ஒருவரை அனுப்பியவர் பின்னர் நலம் பெற்றால், தாமே சென்று ஹஜ் செய்ய வேண்டும் என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரோ, இதய அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரோ வந்து, நான் போகலாமா, மகனை அனுப்பலாமா என்று கேட்கும்போது, அவருடைய நோய் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முஃப்தி கிதாபிலிருந்து அறிய முடியாது. மருத்துவரின் சொல் வரும்வரை அந்த ஃபத்வாவை எழுத இயலாது.