பின்னால் தொங்கும் இன்ஜினா, உள்ளே ஒளிந்திருக்கும் இன்ஜினா?

பி.காம் படித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு படகு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். போன வருஷம் வரைக்கும் ஒன்றும் தெரியாதுதான். அந்தமானுக்கு மாற்றல் ஆகி வந்தால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மதுரைப் பக்கம் டிராக்டர் லோனும் கறவை மாட்டு லோனும் பார்த்துக்கொண்டிருந்த கைக்கு இங்கே படகு லோன் வந்தது.

வந்தவர் தொண்டிப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இங்கே இருக்கிறார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போக சின்னப் படகு ஒன்று வாங்க வேண்டும். கையில் இரண்டு கொட்டேஷன். முதலாவது, செகண்ட் ஹாண்ட் ஃபைபர் படகு, ஸ்டெர்ன்டிரைவ் இன்ஜின். இரண்டாவது, புதுப் படகு, பின்னால் இரண்டு அவுட்போர்டு. முதலாவது விலை ரொம்பக் குறைச்சல்.

"சார், இது கார் இன்ஜின் மாதிரி. உள்ளேயே இருக்கும், வெளிய தெரியாது. பாக்க அம்சமா இருக்கும்" என்றார்.

"அண்ணே, ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் ஜெட்டியில் மெக்கானிக்குகளிடம் கேட்டதும்தான் கீழே வருவது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். படகின் பின்பகுதியை நம் கடற்கரையில் அமரம் என்பார்கள். இன்ஜின், கியர், புரொப்பெல்லர் எல்லாம் ஒரே உருப்படியாக அமரத்துக்கு வெளியே தொங்கினால் அது அவுட்போர்டு. எல்லாம் படகுக்குள்ளே இருந்து, தண்டு மட்டும் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே போனால் இன்போர்டு. ஸ்டெர்ன்டிரைவ் இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. இன்ஜின் உள்ளே, கால் வெளியே. அமரப் பலகையில் ஓட்டை போட்டு அதன் வழியாக இரண்டையும் இணைத்திருப்பார்கள்.

இதில் மூத்தது இன்போர்டு. அவுட்போர்டை முதலில் விற்றவர்களில் ஒருவர் டெட்ராய்ட்டின் கேமரூன் வாட்டர்மேன். ஆனால் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓலே எவின்ரூட். காதலி பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போய், திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். 1909ல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைசக்தி, எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. பெஸ் மனைவியாகி வியாபாரத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டார். என்னைப் போன்ற காமர்ஸ் ஆட்களுக்கு அவர்தான் கதாநாயகி :-)

அவுட்போர்டு கையில் தூக்குகிற அளவு இருந்தவரை பிரச்சினை இல்லை. வேகம் வேண்டும், பெரிய படகு வேண்டும் என்று வந்தபோது அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் எண்ணெயைக் குடித்தன, புகையைக் கக்கின. அதே காலத்தில் கார் இன்ஜின்கள் நன்றாக முன்னேறிவிட்டன. காரின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைப் படகில் வைத்து, கால் மட்டும் அவுட்போர்டு மாதிரி திரும்பவும் மடங்கவும் செய்தால் என்ன? இந்த வேலையை முடித்துக் காட்டியவர் ஜிம் வைன். மெர்க்குரி கம்பெனியில் இருந்து 1958ல் வெளியே வந்தவர். ஸ்வீடனின் வால்வோ பென்டா அவருடைய யோசனையை எடுத்துக்கொண்டு 1959ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வாமேட்டிக் என்ற பெயரில் வைத்தது. இரண்டு வருஷம் கழித்து, 1961ல், மெர்க்குரியும் மெர்குரூசரோடு களத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு பல வருஷங்கள் அமெரிக்க ஏரிகளில் உல்லாசப் படகு என்றால் ஸ்டெர்ன்டிரைவ்தான் என்கிற அளவுக்கு ஆனது. இன்ஜின் மூடிக்கு மேலே மெத்தை போட்டு வெயில் காயலாம், பின்னால் பலகை போட்டுக் குழந்தைகள் தண்ணீரில் குதிக்கலாம். மின்னசோட்டா, மிச்சிகன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, நம் கரையில் என்ன நடந்தது?

1952ல் ஒப்பந்தமாகி அடுத்த வருஷம் கொல்லம் அருகே நீண்டகரையில் ஆரம்பித்தது இந்தோ நார்வே திட்டம். இன்ஜின் வைத்த படகை நம் மீனவர்களுக்குப் பழக்குவது நோக்கங்களில் ஒன்று. இன்போர்டு வைத்தால் புரொப்பெல்லர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் அலையில் ஏற்றி மணலில் இழுத்துப் போடுகிற கரைகளுக்கு அது எப்படி ஒத்துவரும்? துறைமுகம் உள்ள இடங்களில் விசைப்படகு வளர்ந்தது. மற்ற கரைகள் தங்களுக்கு ஏற்ற இன்ஜினுக்குக் காத்திருந்தன. 1980களில் கேரளக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜப்பான் அவுட்போர்டுகள் வந்து குவிந்ததற்குக் காரணம் இதுதான். கரை வந்ததும் தூக்கிக்கொள்ளலாம்.

1979ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஐ.நா. உணவு விவசாய அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. சின்ன டீசல் இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும், புரொப்பெல்லரைக் கரை ஏறும்போது மேலே தூக்கிக்கொள்ளலாம். பாப் டிரைவ் என்று பெயர். யோசித்துப் பார்த்தால் ஸ்டெர்ன்டிரைவுக்குத் தூரத்துச் சொந்தம்! அமெரிக்காவில் வெயில் காய்கிறவனுக்காக வந்த யோசனை, இங்கே அலையோடு மல்லுக்கட்டுகிறவனுக்காக வேறு உருவத்தில் வந்தது.

அந்தமானுக்கு வருவோம். இங்கே ஊர்ப் படகு என்றால் டுங்கி. மரப் படகு, நடுவில் சின்ன டீசல் இன்ஜின். டுக் டுக் என்று ஊரையே எழுப்பும். வேகம் கிடையாது, ஆனால் எந்த மெக்கானிக்கும் திறந்து பார்த்துச் சரி செய்வார். பாராட்டாங்கில் சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறவர்கள் ஏறுவது அவுட்போர்டு வைத்த ஃபைபர் படகில். சதுப்புநிலக் காட்டின் ஓடைகளில், தண்ணீர் வற்றும் நேரத்தில் காலைத் தூக்காமல் போக முடியாது. பவளப்பாறை உள்ள கரைகளிலும் அப்படித்தான்.

இங்கேதான் ஸ்டெர்ன்டிரைவின் ஜாதகம் இடிக்கிறது. அமெரிக்காவில் பலர் ஏரியில் சுற்றிவிட்டுப் படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அதுவும் நல்ல தண்ணீர். இங்கே படகு வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் கட்டிக் கிடக்கிறது. அவுட்போர்டை முழுசாகத் தண்ணீருக்கு மேலே சாய்த்துவிடலாம். ஸ்டெர்ன்டிரைவின் காலை மடக்கினாலும் ஒரு பகுதி தண்ணீரிலேயே இருக்கும். அலுமினியக் கால், உப்புத் தண்ணீர், பக்கத்தில் வேறு உலோகம், மூன்றும் சேர்ந்தால் மின்கலம் மாதிரி அரிப்பு ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் ஆனோடு என்கிற பலி உலோகத்துண்டை வைக்கிறார்கள். அது கரைந்து முடிந்ததைக் கவனிக்காவிட்டால் அடுத்து கரைவது கால்தான்.

இன்னொன்று, அமரத்து ஓட்டையில் இருக்கும் ரப்பர் உறை. துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அது கிழிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போய்த் திரும்பும்போது படகு நின்றுவிட்டது. ஒரே இன்ஜின். மூடியைத் திறந்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். படகுக்காரப் பையன் வாளியை எடுத்தான், நான் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தேன். மனைவி இரண்டு பிள்ளைகளுக்கும் லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் மட்டும் "அப்பா, நாம வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மணி நேரம். கடைசியில் கயிறு போட்டு இழுத்து வந்தது ஒரு டுங்கி. அந்த டுக் டுக் சத்தத்தை நான் இன்றைக்கும் எரிச்சலாக நினைப்பதில்லை. ரப்பர் உறை கிழிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது.

ஆகையால் இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை. அதை அந்த அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, கணக்காகவும் பேசினேன்.

அன்றைக்கு ஸ்டெர்ன்டிரைவ் பிறந்ததற்குக் காரணமே அவுட்போர்டு அதிகம் எண்ணெய் குடித்ததுதான். அந்தக் காரணம் இன்றைக்குப் பெரும்பாலும் போய்விட்டது. ஹோண்டா 1964லேயே ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1998 மாடலில் இருந்து 2006 வரை படிப்படியாக இறுக்கிய புகை விதிகள் மற்ற கம்பெனிகளையும் அந்தப் பக்கம் தள்ளின. 2021ல் மெர்க்குரி 600 குதிரைசக்தி அவுட்போர்டே விட்டது. இதற்கிடையில் எவின்ரூட் பெயரில் அவுட்போர்டு தயாரிப்பது 2020ல் நின்றுபோனது என்பது வருத்தம்.

பாங்க்காரன் கண்ணில் இன்னொரு வித்தியாசம். அவுட்போர்டு படகில் படகு ஒரு சொத்து, இன்ஜின் ஒரு சொத்து. இன்ஜின் தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம், தனியாக விற்கலாம் (திருடனும் தனியாகக் கழற்றலாம், அதனால் பூட்டும் இன்ஷூரன்ஸும் கட்டாயம்). ஸ்டெர்ன்டிரைவில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கால் போனால் படகும் ஜெட்டியில் படுத்துவிடும். ஸ்பேர் சென்னையில் இருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் கிளம்பினாலே மூன்று நாள். சீசனில் இரண்டு வாரம் படகு நின்றால் தவணை எங்கிருந்து வரும்?

டீசல் ஸ்டெர்ன்டிரைவ், நல்ல பராமரிப்பு, அடிக்கடி கரை ஏற்றிப் பார்க்கிற வசதி என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இவர் பார்த்தது பழைய பெட்ரோல் இன்ஜின். மூடிய அறைக்குள் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் கேட்டார்: "சார், ஒரு இன்ஜின் நின்னா இன்னொண்ணுல வந்துரலாம்ல?"

"மெதுவா வரலாம்ணே. ஆனா வந்துரலாம்."

"அப்ப அதையே போடுங்க."

கடன் தொகை கூடியது, தவணைக்காலமும் கூடியது. சிபாரிசு செய்த கையெழுத்து என்னுடையது. அவர் தடுமாறினால் எனக்கும் தூக்கம் போகும். படகு போன அக்டோபரில் தண்ணீரில் இறங்கியது. இதுவரை தவணை தவறவில்லை.

லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். படகில் ஏறும் முன் அமரத்தை ஒரு தடவை பாருங்கள். எத்தனை இன்ஜின், ஒன்று நின்றால் என்ன வழி, லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் படகுக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை. நான் இப்போதெல்லாம் கேட்காமல் ஏறுவதில்லை.