நோயின் பெயரும் நோயாளியின் மொழியும்

மேலூர் வட்டாரத்துச் சிற்றூர் மக்கள் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையைப் 'பெரியாஸ்பத்திரி' என்றே வழங்குவர். அங்குச் சென்று மீள்வோர் கையிலுள்ள சீட்டில் நோயின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். தம் உடலுக்கு நேர்ந்தது யாதெனத் தம் மொழியில் அறிய இயலாத இந்நிலை நெடுநாளையது. அதனை மாற்ற முனைந்தோர் வரலாறும் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தது.

அவ்வரலாற்றில் முதற்கண் எண்ணத்தக்கவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. அம்மொழியிற் கற்றோர் அரசுப் பணியை நாடிச் சென்றனர். ஊர்ப்புற நோயாளிக்கு மருத்துவர் வாய்க்கவில்லை. ஆதலின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவரும் அவர்தம் மாணவரும் உழைத்த உழைப்பால் 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872) முதலிய நூல்கள் வெளிவந்தன. 1873-இல் அவர் தாயகம் திரும்புமுன் 60-க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றிருந்தனர்.

அந்நூற்பெயர்களே இன்று உரை வேண்டி நிற்கின்றன. இரண வைத்தியம் அறுவை மருத்துவமாயிற்று. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. ஒரு காலத்தார்க்கு விளங்கிய சொல் மறுகாலத்தார்க்கு விளங்காது போதலும் உண்டு. ஆகவே, கலைச்சொல்லாக்கம் ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. பெரியாஸ்பத்திரிக்குப் பெயர் தந்த இராஜாஜியும் 1916-இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டவருள் ஒருவர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

நிலைத்த சொற்கள் எவை? மாரடைப்பு, நீரிழிவு, கண்புரை ஆகியன. மார்பில் அடைப்பு என்றும், நீர் மிகுதியாய்க் கழிதல் என்றும், கண்ணிற் புரை படர்தல் என்றும் இவை பெயரளவிலேயே நோயை ஒருவாறு உணர்த்திவிடுகின்றன.

உணர்த்தாத சொல்லால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆய்வு முடிவு 'பாசிட்டிவ்' எனின் தேடிய நோய்க்குறி காணப்பட்டது என்பது பொருள். கேட்பவரோ நன்மையென மகிழக்கூடும். 'அக்யூட்' என்பது திடீரெனத் தோன்றியதையும், 'குரானிக்' என்பது நாட்பட்டதையும் குறிக்கும். பின்னதனைக் 'கடுமையானது' எனப் பிறழக் கொண்டால் அச்சம் மிகும். 'சில நாளில் தீர்வது' எனக் கொண்டால் மருந்து இடையில் நின்றுபோம். 'நாட்பட்ட நோய்' என்ற இரு சொற்கள் அவ்விரு பிழையையும் தவிர்க்கும்.

சொல்லை நிறுத்தறிந்து ஆளுதல் கவிஞர் தொழில். கலைச்சொல் தொகுதிகளை ஆக்கும் பணி அறிஞரோடு அமைவதன்று. சீட்டை ஏந்தி வரும் முதியவர்க்கு அதன் பொருளை அவர் மொழியில் எடுத்துரைக்கும் சொல்லைத் தேடித் தருதல் இவ்வட்டத்துப் பாவலர்க்கும் உரிய கடனாகும்.