மாவீரர் சித்திரக்கதைகளும் அவற்றின் தொகுப்புகளும்



ஐக்கிய அமெரிக்காவின் புத்தகசாலைகளிலே இன்று தடித்த அட்டையோடும் வழவழப்பான தாளோடும் காட்சியளிக்கும் சித்திரக்கதைத் தொகுதிகளைக் காண்பவர், அவற்றினுள்ளே இருப்பவை படித்துவிட்டு எறிவதற்கென்றே அச்சிடப்பட்ட கதைகள் என்பதை எளிதில் நம்பமாட்டார். சுப்பர்மேன், பற்மேன், ஸ்பைடர்மேன் முதலிய அமானுஷ்ய ஆற்றல் படைத்த வீரர்களின் பழைய கதைகள் இப்போது நான்கைந்து வகைப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன. இவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது? விலையை மட்டும் பார்த்து இதற்கு விடைகாண முடியாது. அக்கதைகள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு அழிந்தன, எவ்வாறு மீட்கப்பட்டன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ என்னும் சஞ்சிகையின் முதலாவது இதழ் 1938ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குரியதாக வெளிவந்தது. விலை பத்துச் சதம். அதிலேதான் சுப்பர்மேன் முதன்முதல் தோன்றினான். கிளீவ்லண்ட் நகரத்தில் வளர்ந்த இளைஞர் இருவர், கதை எழுதிய ஜெரி சீகலும் சித்திரம் வரைந்த ஜோ ஷூஸ்டரும், தினசரிப் பத்திரிகைகளுக்கென்று வரைந்து, பலராலும் ஏற்றுக்கொள்ளப்படாமல் வைத்திருந்த படங்களையே வெட்டி ஒட்டிச் சஞ்சிகைப் பக்கங்களாக்கிக் கொடுத்தனர். பதின்மூன்று பக்கங்கள், பக்கமொன்றுக்குப் பத்து டொலர். ஆக 130 டொலருக்குக் கதையோடு பாத்திரத்தின் முழு உரிமையும் பதிப்பகத்தாரின் கைக்குச் சென்றது.

அச்சிட்ட தாளோ மரக்கூழிலிருந்து செய்த மலிவான பத்திரிகைத்தாள். தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே நாளடைவில் மஞ்சளித்து நொறுங்குவது அதன் இயல்பு. சிறுவர்கள் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். கைமாற்றிக் கைமாற்றிக் கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பழைய தாள் சேகரிக்கும் இயக்கங்களிலே எண்ணற்ற பிரதிகள் மீண்டும் கூழாயின. போர் முடிந்தபின் வேறொரு கேடு சூழ்ந்தது. இக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற அச்சம் பரவி, 1948இல் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் நகரிலும் வேறு சில ஊர்களிலும் சித்திரக்கதைகளைக் குவித்துத் தீயிட்டார்கள். 1954இல் மனநோய் மருத்துவர் பிரெட்றிக் வேர்தாம் இவற்றைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே அமெரிக்க மூதவையின் உபகுழுவொன்று விசாரணையும் நடத்தியது. இத்தனைக்கும் தப்பிய பிரதிகள் சிலவே. ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழின் நல்ல பிரதியொன்று 2014ஆம் ஆண்டில் 32 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. ஆகவே சாதாரண வாசகனுக்குத் தொகுப்பே கதி.

தொகுப்பு என்பது பிற்காலத்து எண்ணமன்று. 1939ஆம் ஆண்டுக் கோடையிலே ‘சுப்பர்மேன்’ என்ற பெயரில் தனிச் சஞ்சிகை தொடங்கியபோது, அதன் முதலாவது இதழ் முந்திய ஆண்டுக் கதைகளின் மறுபதிப்பாகவே பெரிதும் அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், 1938இல் இடமின்மையால் விடப்பட்ட தொடக்கப் பக்கங்கள் இதிலேதான் முதன்முதல் அச்சேறின. மூலத்தைவிட மறுபதிப்பு முழுமையானதாயிற்று! ஏட்டுச்சுவடிகளில் மாத்திரமன்றிப் பத்துச்சதச் சஞ்சிகையிலும் பாடபேதம் உண்டு என்பதை இது காட்டுகின்றது.

பழைய கதைகளை வளர்ந்தோர் படிக்கத்தக்க நூலாக்கிய ஆரம்ப முயற்சிகளுள், சித்திரக்காரர் ஜூல்ஸ் பைபர் 1965இல் தம் கட்டுரையோடு சேர்த்து வெளியிட்ட தொகுதி முக்கியமானது. எனினும் முறையாக, இதழ் இதழாகத் தொகுக்கும் பணி 1980களின் பிற்பகுதியிலேதான் வலுப்பெற்றது. மார்வெல் நிறுவனத்தார் 1987இல் ‘மாஸ்ரர்வேர்க்ஸ்’ வரிசையையும், டீ.சீ. நிறுவனத்தார் 1989இல் ‘ஆர்க்கைவ்ஸ்’ வரிசையையும் தொடங்கினர்.

இவ்விடத்திலே வாங்குவோர் முதலிற் கவனிக்க வேண்டியது கதைகளின் ஒழுங்கு. ‘ஆர்க்கைவ்ஸ்’ வரிசை சஞ்சிகையின் பெயரைப் பின்பற்றியது. சுப்பர்மேனின் முதல் தொகுதி ‘சுப்பர்மேன்’ சஞ்சிகையின் முதல் நான்கு இதழ்களைக் கொண்டது. ஆனால் அதே காலத்தில் ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ இதழிலும் அவன் கதை மாதந்தோறும் வந்துகொண்டிருந்ததே! 2006இல் தொடங்கிய ‘குறோனிக்கிள்ஸ்’ வரிசை இரண்டையும் கலந்து, வெளிவந்த காலத்தின்படி அடுக்கித் தந்தது. 1939இல் சேர்ந்த மேலதிகப் பக்கங்களும் அதில் உண்டு. பின்னர் வந்த பெருந்தொகுதியும் அவ்வாறானதே. ஒரு பாத்திரம் எவ்வாறு படிப்படியாக வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் காலவரிசைத் தொகுதியையே நாடவேண்டும் என்பது என் கருத்து. தொடக்கத்திலே சுப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். அவன் எதிர்த்தவர்களும் வேற்றுலகப் பகைவரல்லர். பேராசை கொண்ட சுரங்க முதலாளி, இலஞ்சம் வாங்கும் அரசியல்வாதி, மனைவியை அடிக்கும் கணவன் ஆகியோரே. பொருளாதார மந்தத்தின் துயரம் நீங்காத அமெரிக்காவை அப்பக்கங்களிலே காணலாம்.

அடுத்தது நிறம். அக்காலத்திலே கறுப்புக் கோட்டின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்று மைகளையும் சிறு புள்ளிகளாகவோ முழுமையாகவோ பதித்து, மொத்தம் 64 நிறங்களை மட்டுமே உண்டாக்கினர். பத்திரிகைத்தாள் மையை உறிஞ்சிக்கொள்ள, நிறங்கள் சற்று மங்கி இணக்கமாகத் தோன்றும். அதே நிறங்களை வெண்மையான பளபளத்த தாளில் அச்சிட்டால் கண்ணைக் குத்துகின்றன. ஆதலால் மினுக்கமற்ற தாளில் அச்சான பதிப்புகளே பழைய தோற்றத்துக்கு அணித்தானவை.

மூலச் சித்திரங்களுட் பெரும்பாலானவை அழிந்துவிட்ட நிலையில் கோடுகளை மீட்பதும் இலகுவாக இருக்கவில்லை. கிரெக் தீக்ஸ்ரன் என்பவர் ஒரு முறையைக் கையாண்டார். பழைய சஞ்சிகைப் பக்கத்தை இரசாயனத் திரவத்தில் இட்டால் நிறங்கள் வெளிறிப்போகும்; கறுப்புக் கோடு மாத்திரம் எஞ்சும். அதனைப் படம்பிடித்துப் புதிதாக நிறமூட்டுவார்கள். டீ.சீ. நிறுவனத்தின் ஆரம்பத் தொகுதிகள் சிலவற்றுக்கு இம்முறை பயன்பட்டது. நூலைக் காப்பாற்றுவதற்கு நூலொன்றைப் பலிகொடுத்தார்கள் என்றால் மிகையன்று. இன்று கணினி மூலம் படம்பிடிப்பதால் அந்தப் பலி தேவைப்படவில்லை.

பணம் குறைந்தோருக்கும் வழி இருந்தது. மார்வெல் 1996இலும் டீ.சீ. 2005இலும் தொடங்கிய மலிவு வரிசைகள் ஐந்நூறு பக்கங்களளவிலே கறுப்பு வெள்ளையில் அச்சாயின. அவை இப்போது புதிதாக வெளிவருவதில்லை. பழைய பிரதிகளாகவே கிடைக்கும். நிறமில்லை என்று அவற்றை இகழ்வாரோடு நான் உடன்படுவதில்லை. 1962இல் ஸ்ரான் லீயுடன் சேர்ந்து ஸ்பைடர்மேனைப் படைத்த ஸ்ரீவ் டிற்கோவின் மெல்லிய கோடுகளை, அவற்றின் மேல் நிறம் பூசப்படாதபோது நன்கு அனுபவிக்கலாம். சித்திரம் பயிலும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடநூல் வேண்டியதில்லை. மாறாக, ‘ஒம்னிபஸ்’ எனப்படும் பெருந்தொகுதிகள் மடியில் வைத்துப் படிக்க இயலாத பாரமுடையவை. ஆயினும் அவற்றுட் பல அக்காலத்து வாசகர் கடிதங்களையும் சேர்த்துத் தருகின்றன. வரலாற்று மாணவனுக்கு அக்கடிதங்கள் சில வேளை கதைகளிலும் பெறுமதியானவை.

பலரும் பாராமல் விடும் பக்கம் ஒன்று உண்டு; அதுதான் பெயர்ப் பக்கம். 1940களின் பிற்பகுதியிலே உரிமை கேட்டு வழக்காடிய சீகல், ஷூஸ்டர் இருவரின் பெயர்களும் சுப்பர்மேன் கதைகளிலிருந்து நீக்கப்பட்டன. முதுமையும் வறுமையும் வந்து, பொதுமக்களின் குரலும் எழுந்த பின்னரே, 1975ஆம் ஆண்டு முடிவில் ஆண்டுக்கு ஆளொருவர்க்கு 20,000 டொலர் உதவிப்பணமும், படைத்தவர் என்ற பெயரும் அவர்களுக்கு மீண்டன. ஜக் கேர்பி 1961 முதல் ‘பன்ரஸ்ரிக் ஃபோர்’ சஞ்சிகையை நூற்றிரண்டு இதழ்கள் தொடர்ந்து வரைந்தார். லீ கதைக்குறிப்புக் கொடுக்க, கேர்பி காட்சிகளை அமைத்து வரைந்த பின்னரே உரையாடல் எழுதப்படுவது வழக்கம். இருந்தும் அவர் சித்திரக்காரர் என்றே குறிக்கப்பட்டார். அவர் 1994இல் காலமானார். அவர் குடும்பத்தாருக்கும் மார்வெலுக்கும் இடையிலான வழக்கு 2014இலேதான் இணக்கத்தில் முடிந்தது.

பில் பிங்கரின் கதை இன்னும் இரங்கத்தக்கது. 1939இல் பற்மேனின் முதலாவது கதையை எழுதியவரும், அவனுடைய உடைக்கும் இயல்புக்கும் வடிவம் கொடுத்தவரும் அவர். ஆனால் ஒப்பந்தம் பொப் கேனின் பெயரில் இருந்தது. பிங்கர் 1974இல் மறைந்தார். அவருடைய குடும்பத்தாரின் முயற்சியால் 2015இலேதான் பற்மேனைப் படைத்தவர் என்ற வரியிலே கேனின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. அதற்கு முன் அச்சான தொகுதிகளில், கதாசிரியர் வரிசையில் பிங்கரின் பெயர் இருந்தாலும், படைத்தவர் என்ற இடத்தில் கேன் ஒருவரே நிற்கின்றார். பழைய புத்தகக் கடையிலே பற்மேன் தொகுதியொன்றைக் கையிலெடுப்பவர், விலையைக் கேட்குமுன் அச்சான ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.