மஞ்சட்கருவை மறந்த காலம்

நாசிகள் ஜேர்மன் மொழியை என்ன செய்தார்கள் எண்டு எழுதின விக்டர் கிளெம்பெரரை வரலாறு படிக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கு ஃபீலிக்ஸ் எண்டு ஒரு அண்ணன் இருந்தார். வைத்தியர். அவரைப் பெரிதாக ஆருக்கும் தெரியாது.

1890இல் பெர்லினில் பெஹ்ரிங்கும் கிடசாட்டோவும், ஏற்பு நோயை எதிர்க்கப் பழக்கின விலங்கின் இரத்தத் தெளியம் இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் எண்டு காட்டினார்கள். மூன்று வருசத்தில் ஃபீலிக்ஸ் அதையே கோழியில் செய்து பார்த்தார். ஏற்புக்கு எதிராகப் பழக்கின கோழி இட்ட முட்டையின் மஞ்சட்கருவை ஏற்றின எலிகள் நோயிலிருந்து தப்பின. பொரிக்கப்போகும் குஞ்சுக்காகத் தாய்க்கோழி தன் பிறபொருளெதிரிகளை மஞ்சட்கருவில் சேர்த்து வைக்கிறது எண்டதுதான் இதன் சூட்சுமம்.

ஆனால் வெண்டது குதிரை. 1894இல் பாரிஸில் எமில் ரூ, குதிரைத் தெளியத்தால் தொண்டைக்கரப்பன் வந்த பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஒரு குதிரையிடம் லீற்றர் கணக்கில் இரத்தம் எடுக்கலாம். கொழுப்பு நிறைந்த மஞ்சட்கருவில் இருந்து புரதத்தைப் பிரிப்பதோ பெரும் பாடு. பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் குதிரையைத் தேர்ந்ததைப் பிழை எண்டு சொல்லேலாது. இண்டைக்கும் எங்கட ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்கு ஏற்றுகிற, இந்தியாவில் இருந்து வாற மருந்து குதிரை இரத்தத்தில் செய்ததுதான்.

முட்டை திரும்பி வந்தது மெதுவாக. 1969இல்தான் கோழியின் பிறபொருளெதிரிக்கு 'ஐஜிவை' எண்டு தனிப்பெயர் கிடைத்தது. 1980இல் போல்சனும் சகாக்களும் பொலிஎதிலீன் கிளைக்கோலால் அதை இலகுவாகப் பிரித்தெடுக்கும் வழியைச் சொன்னார்கள். 1996இல் பெர்லினில் கூடின ஐரோப்பிய நிபுணர்கள், விலங்குகளின் வேதனையைக் குறைக்க முட்டையைப் பயன்படுத்துங்கோ எண்டு பரிந்துரைத்தார்கள்.

இந்த நூறு வருசத்தில் முட்டை மாறவில்லை. மாறினது கேள்வி. 1893இல் "எது கூடத் தரும்?" எண்டு கேட்டார்கள். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் ஆய்வுகூட விலங்குகளைப் பற்றி எழுதின புத்தகத்துக்குப் பிறகு "எது குறைய நோகும்?" எண்டும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு கண்டுபிடிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தேடுகிற கேள்வியும் பிறக்க வேணும்.

ஆனாலும் கதை இன்னும் முடியவில்லை. முயலின் இரத்தத்தை எடுக்கத் தேவையில்லை எண்டாலும், கோழிக்கு ஊசி போடத்தானே வேணும். அது கூட்டுக்குள்ள எப்படி வாழுது எண்டதையும் நாங்கள் கேட்க வேணும்.